மூக்கோரத்துக் கோடு

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் வார்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே. நர்ஸ்கள் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே?

வாண்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. முதல் நாள் வாசலில் நின்று அழுதது நான்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வந்து, "அம்மா, நீ ஏன் எல்லார் முன்னாடியும் மானத்த வாங்குற?" என்று கேட்கிறாள். இந்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். நீ கண்ணாடியில் பார்த்துக்கொள். வாண்டின் அப்பாவுக்கு, அதுதான் உன் மாப்பிள்ளைக்கு, ரூட் மாற்றிவிட்டார்கள். இப்போது மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்த பிறகும் பேசும்போது, கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்.

ஸ்டூடியோவில் மூச்சு விட நேரமில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோ காலம். அத்தனை பிரிண்டும் டச்சிங்குக்கு என் மேஜைக்குத்தான் வரும். பரு, வடு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் சன்னப் பிரஷ்ஷால் சாயம் தொட்டு மறைக்க வேண்டும். ஊரார் முகத்தை எல்லாம் பளபளப்பாக்குகிறேன், என் முகம்தான் காலை வாரிவிட்டது. இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்து கிடக்கின்றன. அரிப்பு இல்லை, லேசாக எரிகிறது. நேற்று ஒரு அம்மா, "கன்னத்துக்கு என்ன பூசுறீங்க? பேர் சொன்னா நானும் வாங்கிக்குவேன்" என்றார். புது பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் டார்க் ரூம் மருந்தின் ஆவியாக இருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தை நிரப்ப வேறு விஷயம் இல்லாததால் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி

*

ஜனவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முட்டி அதன் பாட்டுக்கு வலிக்கிறது. உன் கடிதம் கைக்கு வந்த அன்றே பதில் எழுதுகிறேன். இன்னும் யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

வாண்டின் வாய் என்னுடையது என்றால் அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அது இருக்கட்டும்.

கேட்கிறதற்கெல்லாம் சிரிக்காமல் பதில் எழுது. வெயிலில் போய் வந்தால் சிவப்பு கூடுகிறதா? தலையில் பொடுகு இருக்கிறதா? காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கக் கஷ்டமாக இருக்கிறதா? வாய்க்குள், மேலண்ணத்தில், வலிக்காத புண் ஏதாவது இருக்கிறதா? நாக்கால் தடவிப் பார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பவுடரைத் தூக்கி எறி. வெளியே போனால் குடை பிடி. மழை இல்லாதபோது குடை பிடிக்கிறாய் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். எதற்குக் கேட்கிறேன் என்று என்னைத் திருப்பிக் கேட்காதே. நர்ஸ் புத்தி, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையை மெதுவாக ஓட்டச் சொல். உடனே பதில் போடு.

அக்கா

*

பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நாடி பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிர் குறைந்ததா?

வெயிலில் போனால் கூடுகிறது. இருந்தாலும் வெயிலில் யார் முகம்தான் சிவக்காது? பொடுகு கொஞ்சம் உண்டு. பவுடரை எறிந்துவிட்டேன், வாண்டு அதைப் பொறுக்கித் தன் பொம்மைக்கு அப்பிவிட்டாள். இப்போது வீட்டில் வெள்ளை முகத்தோடு ஒருத்தி, சிவப்பு முகத்தோடு ஒருத்தி.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். முதலாளி டார்க் ரூம் மருந்துதான் என்று சத்தியம் செய்கிறார். அவரே முப்பது வருஷமாக அந்த மருந்தில் கை நனைத்தும் முகம் வெண்ணெய் மாதிரி இருக்கிறதே என்றால், "எனக்குத் தோல் தடிமன்மா" என்கிறார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உடம்புச் சூடு என்கிறார். உன் மாப்பிள்ளை, "நீ எதையோ மனசுல வச்சுப் புழுங்குற" என்கிறார். மருந்துக்கடைக்காரர் ஒரு டியூப் கொடுத்தார். பூசிய வாரம் நன்றாக அடங்கியது. விட்டதும் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது.

வாண்டுக்குப் பெரியம்மாவிடமிருந்து வண்ணப் பென்சில் வேண்டுமாம். சிவப்பு மட்டும் ரெண்டு.

உன் தங்கச்சி

*

பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

பென்சில் தனியாக அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மூன்று வைத்திருக்கிறேன்.

நான் கேட்டதில் பாதிக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாய். விரலும் வாயும் என்ன ஆயிற்று? மறந்துவிட்டாயா, மழுப்புகிறாயா? உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். நீ எந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் தோல் டாக்டரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கொஞ்சம் கடுகடுப்பு. "சிஸ்டர், முகம் செவக்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. சோப்பு, பவுடர், தலைச்சாயம் ஒத்துக்காம இருக்கலாம். பொடுகு மூஞ்சிக்கு எறங்கியிருக்கலாம். சில பேருக்குச் சூடா டீ குடிச்சாலே செவந்துரும். வெயிலா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம். சும்மா கெடந்தத மருந்துக்கடை டியூப்பே கெடுத்திருக்கலாம். பாக்காமச் சொல்ல நான் என்ன ஜோசியனா?" என்றார். இன்னும் ஒன்றிரண்டு காரணமும் சொன்னார். அதெல்லாம் இப்போது வேண்டாம்.

அந்த டியூப்பை நிறுத்து. ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஸ்டூடியோவில் இருக்கிற உனக்கு அது பெரிய காரியமா? பவுடர் கூடாது. முடியை இழுத்துக் கட்டிக்கொள். ஜன்னல் வெளிச்சத்தில், கலரில், முகம் முழுதும் தெரிய வேண்டும். நேரில் வரலாம் என்றால் லீவு கேட்டுப் பார்த்துவிட்டேன். வார்டில் இரண்டு பேர் பிரசவத்துக்குப் போயிருக்கிறார்கள், மேட்ரன் என்னைக் கண்டாலே ஓடி ஒளிகிறார்.

தாமதம் செய்யாதே.

அக்கா

*

மார்ச் 1

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் மேட்ரனுக்கு நல்ல புத்தி வரட்டும்.

போட்டோ இத்துடன் இருக்கிறது. முதலாளியே எடுத்தார். "சிரிக்கவா?" என்று கேட்டேன். "டாக்டருக்கு எதுக்கும்மா சிரிப்பு?" என்றார். பதினோரு வருஷமாக அந்த ஸ்டூலில் உட்காருகிற மற்றவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். நான் உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிரிண்ட் என் மேஜைக்கு வந்ததும் உறையில் போட்டுவிட்டேன். சிவப்பை ஒன்றும் செய்யவில்லை, அப்படியேதான் இருக்கிறது. பயப்படாமல் பார்.

சாயங்காலமானால் கொஞ்சம் அசதி. குரூப் போட்டோ வேலை முடிந்தால் சரியாகிவிடும்.

உன் தங்கச்சி

*

மார்ச் 10

என் செல்லத் தங்கச்சிக்கு,

இன்றைக்கு நான் எவ்வளவு நலம் என்று உனக்குச் சொல்லி முடியாது. வார்டில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்றேன்.

டாக்டர் போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "மூக்கோரத்து மடிப்புக்குள்ளயும் செவப்பு எறங்கியிருக்கு பாருங்க. அப்ப நீங்க நெனச்சுப் பயந்தது இல்ல. இது பொடுகு வகைதான்" என்றார். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்குகிறதே ஒரு கோடு, அதுதான் அடையாளமாம். நான் பயந்த நோயாக இருந்தால் சிவப்பு கன்னத்தோடு நின்றுவிடும், அந்த மடிப்புக்குள் இறங்காது. உனக்கு இறங்கியிருக்கிறது. நான் பயந்தது எதற்கு என்று கேட்காதே. இனி அது தேவையே இல்லை.

தலைக்கு ஒரு ஷாம்பூவும் முகத்துக்கு ஒரு க்ரீமும் எழுதித் தந்திருக்கிறார், சீட்டு உள்ளே இருக்கிறது. எதற்கும் ஒருமுறை அங்கே ஒரு டாக்டரிடம் நேரில் காட்டிவிடச் சொன்னார். போ. போய்விட்டு எழுது.

உன் போட்டோவை என் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறாய், கழுதை.

அக்கா

*

ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

மார்ச்சில் எழுதியதற்குப் பதில் இல்லை. ஏப்ரல் முதல் வாரம் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் இப்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். வாண்டுக்கு உடம்புக்கு ஏதாவதா? மாப்பிள்ளைக்கு ஏதாவதா? இல்லை, உனக்கா?

இன்று காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் செருகிய உன் போட்டோவைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறதுதான். இன்றைக்கு என்னமோ சீப்பு பாதியில் நின்றுவிட்டது. உன் தாடையில் தழும்பு இல்லை.

இரும்புக் கட்டில் மூலையில் இடித்துக்கொண்டு நீ வாங்கிய தழும்பு. தையல் போடும்போது உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அது எங்கே போயிற்று? பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணோரத்தில் சுருக்கம் இல்லை, நெற்றியில் வரி இல்லை. மூக்கோரத்தில் கோடே இல்லையடி. கோடே இல்லாத முகத்தில் அந்த மனிதர் எந்த மடிப்பைப் பார்த்துச் சொன்னார்?

நீ டச்சிங் செய்திருக்கிறாய். எதையெல்லாம் தொட்டாய்? உண்மையைச் சொல், நான் திட்ட மாட்டேன். வேறு போட்டோ எடு. எடுத்த கையோடு முதலாளியையே உறையில் போட்டு ஒட்டச் சொல். உன் மேஜைக்கு அது வரவே கூடாது. பிரஷ்ஷின் நிழல்கூடப் படக் கூடாது.

என்னிடம் இருந்த போட்டோவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், நீயே பார். தலையைக்கூட வாரி முடிக்காமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

நான் வேண்டுமென்று செய்யவில்லை. வாண்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நம்பாமல், ஸ்டூடியோவில் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்துப் புதிதாக ஒரு பிரிண்ட் போடச் சொன்னேன். அதையும் நீ திருப்பி அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொட்டிருக்கிறேன் அக்கா. பிரிண்ட் மேஜைக்கு வந்ததும் உறையில் போட்டேன் என்று எழுதினேன் இல்லையா, நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் அது என் முன்னால் இருந்தது. என் கை அதன் வேலையைச் செய்துவிட்டது. முகம் என்று ஒன்று அந்த மேஜைக்கு வந்தால் கை தானாகப் போகும். தாடைத் தழும்பு, கண் சுருக்கம், மூக்கோரத்துக் கோடு. கோட்டைத்தான் எப்போதும் முதலில் எடுப்போம், அது இருந்தால் வயசு தெரியும் என்று வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கன்னத்துச் சிவப்பு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே, வெட்டிவிட்ட மாதிரி நின்றிருந்தது. அதற்கப்பால் பட்டையாக வெளுப்பு. பார்க்க பிரிண்ட் போட்டவர் செய்த குறை மாதிரி இருந்தது. சிவப்பை எடுக்கக் கூடாது என்று மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். அதனால் அந்த வெளுப்பின் மேல் சிவப்புச் சாயத்தை இழுத்துச் சேர்த்துவிட்டேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று.

டாக்டருக்குப் பொய் சொன்னது என் பிரஷ்.

புதுப் போட்டோ இதில் இருக்கிறது. முதலாளி எடுத்து, அவரே ஒட்டினார். நான் இன்னும் பார்க்கவில்லை.

நீ கேட்ட மற்ற இரண்டு: விரல் காலையில் மடங்குவதில்லை. ஜனவரியிலிருந்தே அப்படித்தான். வெந்நீரில் முக்கி வைத்து, பிறகுதான் ஸ்டூடியோவுக்குப் போகிறேன். இப்போது அதுவும் சரிப்படவில்லை. பிரஷ் நழுவி ஒரு குழந்தையின் போட்டோவைப் பாழாக்கிவிட்டேன். மேலண்ணத்தில் புண் இருக்கிறது. வலிக்கவில்லை. நீ வலிக்காத புண் என்று எழுதியிருந்ததைப் படித்தபோதே பயந்துவிட்டேன், அதனால்தான் பதில் எழுதவில்லை. எழுதாவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு முட்டாள்தனம். மார்ச்சில் நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியதும் இதை மறைத்துப் பதில் எழுத மனசு வரவில்லை, இங்கே டாக்டரிடமும் போகவில்லை.

பார்க்காமலே உனக்கு எப்படித் தெரிந்தது? ஜனவரியிலேயே எப்படிக் கேட்டாய்?

உன் தங்கச்சி

*

ஏப்ரல் 30

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பஸ் நிற்கிற இடத்தில் ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். அவள் உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகச் சொன்னாள். கால் வீங்கியிருப்பதை எழுதினாளா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

காலையில் எழுந்தால் கண் இரண்டும் உப்பிப் போய் இருக்கிறது. செருப்பு வார் போட முடியவில்லை, என் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறாள். பாத்ரூம் போனால் நுரை நுரையாகப் போகிறதாம், அதை வாண்டுதான் என்னிடம் சொன்னாள், சோப்புத் தண்ணி மாதிரி இருக்குப்பா என்று. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டால், "அக்கா பதில் வரட்டும்" என்கிறாள். உங்கள் பதில் வருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று இருக்கிறது. வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போதுகூட அதே நினைப்புதான்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் தூக்கிக்கொண்டாவது போய்விடுவேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

*

மே 7

இருவருக்கும்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன.

டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையைத் தாண்டி உள்ளே போய்ப் போட்டோவை மேஜையில் வைத்தேன். லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "இது எந்த வார்டு, எந்த பெட்?" என்றார்.

"என் தங்கச்சி சார். அவ ஊர்லதான் இருக்கா."

"இன்னும் வெளியிலயா இருக்காங்க?" என்று எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கிட்னியைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது என்றார். எங்கள் ஆஸ்பத்திரியில் கிட்னிப் பிரிவு இல்லை. உங்களுக்கு ஒரு பகல் பயண தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய நண்பர் இருக்கிறார். போனில் பேசிவிட்டார், கட்டில் ஒதுக்கிவிட்டார்கள். டாக்டரின் கடிதத்தையும் உள்ளே வைத்து, இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். இது கிடைத்த உடனே கிளம்புங்கள். மாப்பிள்ளை, அவள் நாளைக்கு என்றால் கேட்காதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். வாண்டைத் தையல்காரம்மாவிடம் விடுங்கள். நான் நேரே அங்கே வருகிறேன். மேட்ரன் லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

தங்கச்சி, எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். அம்மாவுக்கும் கன்னத்தில்தான் ஆரம்பித்தது.

அக்கா

*

ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? நீ இருந்த மூன்று வாரமும் தைரியமாகத்தான் இருந்தேன். நீ படியிறங்கிப் போனதும் அது உன் பின்னாலேயே போய்விட்டது.

இங்கே எதிர்க்கட்டிலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா இருக்கிறார். அவருக்கும் கிட்னிதான். காலையில் எழுந்ததும் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி ஒவ்வொரு கட்டிலையும் பார்த்துத் தலையாட்டுவார். நேற்று என் பக்கம் பார்த்துத் தலையாட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கால் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. மாத்திரையில் முகம் உப்பிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. இந்த வட்டத்தை எந்த பிரஷ்ஷாலும் குறைக்க முடியாது. கிட்னியிலிருந்து எடுத்த துணுக்கின் ரிசல்ட் வந்தது. நீ பயந்த லூபஸ்தான், உடம்பு தனக்கே எதிரியாகிற நோய், உள்ளே நன்றாகவே தாக்கியிருக்கிறதாம். மருந்து கேட்டால் பிழைப்பு, கேட்காவிட்டால் அடுத்து என்ன என்று அப்போது பார்ப்போம் என்று டாக்டரம்மா சொன்னார். பிப்ரவரியிலேயே வந்திருந்தால் என்று அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. அந்தப் பாதி வாக்கியம் என்னைத் தின்கிறது அக்கா. எனக்குச் சாக பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் வாண்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓடி வந்து கட்டிலில் ஏறப் பார்த்தாள். நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டால்? அம்மாவுக்கு, பிறகு எனக்கு, அடுத்து அவளுக்கா? "அம்மா, எம்மேல கோவமா?" என்று கேட்டாள். நான் போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போகும்போது இந்த முறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இங்கே இருந்தபோது அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம், "அப்புறம் சொல்றேன், தூங்கு" என்றாய். இப்போது எழுது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று? எனக்கு நடக்கப் போவது அதுதான் என்றால் தெரிந்துகொள்கிறேன். டச்சிங் செய்யாமல் எழுது.

உன் தங்கச்சி

*

ஜூன் 19

என் தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இடம் கிடைத்தது. மேட்ரன் நான் கேட்காமலே என் டியூட்டியைப் பகலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். உன் வீக்கம் வடிவதைப் படித்துவிட்டு அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ கேட்டபடியே எழுதுகிறேன்.

எனக்குப் பதினான்கு வயது, உனக்கு மூன்று முடியவில்லை. அம்மாவுக்குக் கன்னம் சிவந்தது. வெயில் என்றார்கள், சூடு என்றார்கள். பிறகு துணி பிழிய முடியாமல் போயிற்று. பிறகு கால் வீங்கியது. கடைசியில் காய்ச்சல் வந்ததால் உனக்குக் காய்ச்சல் என்றே சொல்லி வைக்கச் சொன்னார் அப்பா. என்ன நோய் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நர்ஸிங் படிக்கும்போது ஒரு நாள் வகுப்பில் சுவரில் ஒரு படம் காட்டினார்கள். யாரோ ஒரு பெண்ணின் முகம், இரண்டு கன்னத்திலும் சிவப்பு, மூக்கோரத்தில் வெட்டினாற்போல் நின்றிருந்தது. நான் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இது எல்லாக் குடும்பத்திலும் வழிவழியாக வருவதில்லை, வாண்டுக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நீ அவள் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து என்னைப் போல ஆகிவிடாதே.

அம்மாவுக்கு மருந்து என்று ஒன்று கிடைக்கவே இல்லை. உனக்குக் கிடைத்திருக்கிறது, அது வேலை செய்யவும் ஆரம்பித்திருக்கிறது. பிழைப்பாயா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கும் உன் அளவுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. டியூட்டி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஊசி போடப் போகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மா அதை நம்பிவிட்டாள். தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. உன்னை அறைக்குள் விட மாட்டாள். நீ வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி நீட்டி அழுவாய். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் நிற்க வேண்டும், அவள் உள்ளே சுவரோரம் நின்று பார்ப்பாள். "எனக்கும் சேத்து நீயே ஒரு முத்தம் குடுடி" என்பாள். நான் கொடுப்பேன். "இன்னொண்ணு" என்பாள். உனக்கு என்மேல் கோபம் வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுப்பாய். போய்ச் சேருகிறவரை அவள் உன்னைத் தொடவில்லை.

அது ஒட்டாது. தொட்டால் ஒட்டாது, முத்தம் கொடுத்தால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. அன்றைக்கு இதை அவளிடம் சொல்ல அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. உன்னிடம் நான் சொல்கிறேன். மற்ற எதற்கும் என்னால் உறுதி தர முடியாது, இதற்குத் தருகிறேன்.

வருகிற ஞாயிறும் மாப்பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். போர்வையை இழுக்காதே. அவள் கட்டிலில் ஏறட்டும், உன் முகத்தைக் காட்டு.

அக்கா